மலேசியாவில் திவால் சட்டம் மாறியபோது நம் எம்பி எந்தப் பக்கம் நின்றார் என்று எங்கே பார்ப்பது?

கேள்வியின் விவரம்: அமெரிக்காவில் 2005ல் திவால் சட்டத்தைக் கடுமையாக்கியபோது யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று இன்றுவரை பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். நம் நாட்டில் அந்த விவரம் எங்கே கிடைக்கும்? தம்பியின் கார் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

பதில்:

எங்கேயும் கிடைக்காது. அப்படி ஒரு பட்டியலே இல்லை. பினாங்கில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 19 வருடமாகக் கிராணி வேலை பார்க்கிறேன். இதே கேள்வியோடு ஒரு காலத்தில் நானும் அலைந்தேன். காரணம் என் மாமா.

மாமா பட்டர்வொர்த்காரர், அம்மாவின் தம்பி. 2002ல் கூட வேலை செய்த நண்பர் ஒரு புரோட்டோன் வீரா வாங்கினார். ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்றார். மாமாவும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் நண்பர் ஜொகூர் பக்கம் போனவர் போனவர்தான். பேங்க் காரை இழுத்து ஏலம் விட்டது. ஏலப் பணம் போகக் கடனில் பாக்கி நின்ற தொகை, அதன் மேல் வட்டி, வழக்குச் செலவு எல்லாம் சேர்ந்து 30,000 வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டியது. அன்றைக்கு ஒருவரைத் திவாலாக்க அதுதான் எல்லை. அதற்கு முன் 10,000 வெள்ளியாக இருந்ததை 2003ல்தான் 30,000 ஆக்கியிருந்தார்கள்.

2013ல் அத்தையோடு புதுக்கோட்டைக்குக் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கிளம்பினார். ராத்திரி பஸ் பிடித்து, கோலாலம்பூரில் அப்போதிருந்த மலிவுக் கட்டண விமான முனையமான எல்சிசிடி போய், பெட்டி நிறைய மைலோ, கோடாலி தைலம், பிஸ்கட் டின் எல்லாம் ஏற்றிவிட்டு இமிகிரேஷன் கவுண்டரில் தடுத்து நிறுத்தியபோதுதான் தெரிந்தது, தான் திவாலாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று. நோட்டீஸ் கையில் வரவே இல்லை. வீடு மாறியிருந்தார். ஒரு ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுத்து, அதையே நோட்டீஸ் கொடுத்ததாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். மாமா வாழ்நாளில் ஆங்கிலப் பேப்பர் வாங்கியதில்லை. "நான் யாருகிட்டயும் அஞ்சு காசு வாங்கலையேம்மா" என்று என்னிடம் போனில் சொன்னதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

2003 திருத்தத்திலேயே இப்படிப்பட்ட ஜாமீன்காரருக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. கடன் வாங்கியவரிடம் வசூலிக்க எல்லா வழியும் பார்த்துவிட்டோம் என்று பேங்க் காட்டிய பிறகுதான் இவர் மேல் கைவைக்கலாம். ஆனால் ஆள் அகப்படவில்லை என்று பேங்க் சொன்னபோது மறுத்துப் பேச நீதிமன்றத்தில் யாரும் இல்லை. பேச வேண்டியவருக்கு வழக்கு நடப்பதே தெரியாது.

சரி, நீங்கள் கேட்ட வாக்குக்கு வருகிறேன். அமெரிக்கக் கதையை நீங்கள் எடுத்தது நல்லதாகப் போயிற்று, ஒப்பிட்டால் நம் முறை எளிதில் விளங்கும். 2005 மார்ச்சில் அங்கே செனட்டில் 74க்கு 25, ஏப்ரலில் கீழவையில் 302க்கு 126. ஏப்ரல் 20ஆம் தேதி புஷ் கையெழுத்துப் போட்டார். குடியரசுக் கட்சியோடு ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் 18 பேரும் சேர்ந்து ஆதரித்தார்கள். அதில் ஜோ பைடனும் உண்டு. அவருடைய டெலவேர் மாநிலம் கிரெடிட் கார்டு கம்பெனிகளின் தாய்வீடு. ஒபாமா எதிர்த்து வாக்களித்தார். அப்போது பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரன் அந்தச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். 15 வருடம் கழித்து அதிபர் வேட்பாளருக்கான போட்டியில்கூட அந்த வாக்கு பைடனைத் துரத்தியது. பெயரோடு பதிவானால் ஒரு வாக்குக்கு அவ்வளவு ஆயுள்.

இங்கே அப்படி இல்லை. மக்களவையில் ஒரு மசோதா இரண்டாம் வாசிப்பில் விவாதிக்கப்படும். முடிந்ததும் சபாநாயகர் கேட்பார், ஆதரிப்பவர்கள் சேர்ந்து குரல் கொடுப்பார்கள், எதிர்ப்பவர்களும் குரல் கொடுப்பார்கள். எது பெரிய சத்தம் என்று அவர் முடிவு சொல்வார். அவ்வளவுதான். தலையை எண்ண வேண்டுமென்றால் குறைந்தது 15 எம்பிக்கள் எழுந்து நிற்க வேண்டும். அப்போதுதான் மணி அடித்து, பெயர்வாரியாக எண்ணுவார்கள். 2020 நவம்பர் 26 ஞாபகம் இருக்கிறதா? 2021 பட்ஜெட் கொள்கை அளவில் வாக்குக்கு வந்தபோது எழுந்து நின்றவர்கள் 13 பேர்தான். இரண்டு பேர் குறைந்ததால் எண்ணிக்கையே நடக்கவில்லை. டிசம்பர் 15ல் மூன்றாம் வாசிப்பில் எண்ணியபோது 111க்கு 108. யார் எந்தப் பக்கம் என்று அன்றைக்குப் பளிச்சென்று தெரிந்தது.

திவால் சட்டத் திருத்தங்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. குரல் வாக்கில் போய்விட்டன. பென்யாத்தா ரஸ்மி என்ற நாடாளுமன்ற அறிக்கையைத் திறந்தால் அந்த இடத்தில் 'டிசெத்துஜுகான்' என்று ஒரு சொல் இருக்கும். ஒப்புக்கொள்ளப்பட்டது என்று அர்த்தம். 222 பேரில் யார் ஒப்புக்கொண்டார், யார் வாயைத் திறக்கவில்லை, யார் கேண்டீனில் இருந்தார் என்று அதில் இராது. மேலவையிலும் இதே கதைதான்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு. அரசியலமைப்புச் சட்டம் 48ஆம் பிரிவின்படி, திவாலாகி விடுதலை பெறாதவர் எம்பியாக இருக்க முடியாது. அதாவது தங்கள் நாற்காலியையே பறிக்கக்கூடிய சட்டத்தைப் பற்றித்தான் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்!

ஆகவே உங்கள் எம்பியின் வாக்கைத் தேடாதீர்கள், பேச்சைத் தேடுங்கள். நாடாளுமன்ற இணையத்தளத்தில் பென்யாத்தா ரஸ்மி முழுதும் இலவசமாகவே இருக்கிறது, 'இன்சோல்வென்சி' என்று மலாய் எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள். விவாதத்தில் எழுந்தாரா, ஜாமீன்காரர்களைப் பற்றி ஏதாவது கேட்டாரா, அல்லது தொகுதியில் ரோடு போட்ட கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாரா என்று பார்க்கலாம். குரலோடு குரலாகச் சொன்ன ஒரு 'ஆம்' என்பதைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நிறைவேறியவை என்ன என்பதில் குழப்பமே இல்லை. 2017 திருத்தம்தான் பெரியது. அந்த வருடம் அக்டோபர் 6ல் அமலுக்கு வந்தது. சட்டத்தின் பெயரே மாறி இன்சோல்வென்சி சட்டம் 1967 ஆனது. எல்லை 50,000 வெள்ளிக்கு ஏறியது. கடன்பட்டவர் வேண்டுமென்றே ஒளிகிறார் என்று கடன் கொடுத்தவர் நிரூபித்தால்தான் விளம்பரம் போன்ற மாற்று வழியில் நோட்டீஸ் கொடுக்கலாம் என்றானது. அந்த விதி ஆறு வருடம் முன்னே வந்திருந்தால் மாமா எல்சிசிடியில் பெட்டியோடு திரும்பியிருக்க மாட்டார். சொத்து விவரம் தாக்கல் செய்து, சொன்ன தொகையைக் கட்டி, கணக்கு ஒழுங்காகக் கொடுத்துவந்தால் மூன்று வருடத்தில் தானாக விடுதலை என்ற வழியும் அதில்தான் வந்தது.

எங்கள் வீட்டுக்கு முக்கியமானது இன்னொன்று. 'சமூக ஜாமீன்காரர்' என்று ஒரு வகை. லாபம் எதுவும் பார்க்காமல் மூன்று விஷயத்துக்கு ஜாமீன் நின்றவர்: படிப்புக் கடன், சொந்த உபயோகத்துக்கான வாகனத்தின் தவணைக் கடன், குடியிருக்கும் வீட்டுக் கடன். இவரைத் திவாலாக்கவே முடியாது என்று 2017ல் அடித்து எழுதிவிட்டார்கள். ஏற்கெனவே திவாலாகிக் கிடந்த சமூக ஜாமீன்காரர்களை இன்சோல்வென்சி தலைமை இயக்குநர் விடுவிக்கலாம், கடன் கொடுத்தவர் அதைத் தடுக்க முடியாது என்றும் வந்தது. மாமாவுக்கு அந்த வழியில்தான் மனு எழுதினேன். அதுவரை மாதம் 50 வெள்ளி கட்டிக்கொண்டிருந்தார். பழைய கடன் ஒப்பந்தத்தின் நகலைத் தேடுவதற்கே எட்டு மாதம் ஆனது. 2019ல் சான்றிதழ் வந்தது.

அதற்குப் பிறகு கோவிட் நேரத்தில் 2020 அக்டோபரிலிருந்து எல்லையைத் தற்காலிகமாக 100,000 வெள்ளி ஆக்கினார்கள். 2021 செப்டம்பர் 1 முதல் அதுவே நிரந்தரம். 2023ல் இன்னொரு திருத்தம். 70 வயதோ அதற்கு மேலோ ஆகிப் பணம் கட்ட முடியாதவர்கள், மனநோய் உள்ளவர்கள் ஆகியோரின் விடுதலைக்கும் கடன் கொடுத்தவர் குறுக்கே நிற்க முடியாது என்றானது. அதுவும் அக்டோபர் 6ல்தான் அமலுக்கு வந்தது, தேதிப் பொருத்தம்!

கவனித்தால், 2017ல் நஜிப் அரசு, 2020ல் முஹிடின் அரசு, 2023ல் அன்வார் அரசு. மூன்றும் வெவ்வேறு பிரதமர்களின் கூட்டணி அரசுகள், ஆனால் இந்தச் சட்டத்தில் மூன்றும் ஒரே திசையில்தான் நடந்தன. 2017லும் 2023லும் சட்டத் துறைக்குப் பொறுப்பான அமைச்சரே ஒருவர்தான், அஸாலினா ஒஸ்மான் சைட். பெயர் பெயராகப் பதிவு செய்த அமெரிக்காவில் சட்டம் இறுகியது, குரலில் கரைந்துபோன இங்கே தளர்ந்தது. அதற்காகக் குரல் வாக்கே நல்லது என்று சொல்ல வரவில்லை. நாளைக்கு ஒரு அரசு எல்லையை மறுபடி 30,000க்கு இறக்கினாலும் அதுவும் இதே மாதிரி சத்தத்தில் போய்விடும், கேட்பதற்கு நம்மிடம் ஒரு பெயரும் இருக்காது. ஆனால் அங்கேயும் இங்கேயும் திவால் என்பது ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கடன்பட்டவர் தானாகப் போய் ஒதுங்கும் குடை அது, 2005ல் அந்தக் குடையைச் சுருக்கினார்கள். இங்கே பெரும்பாலும் கடன் கொடுத்தவர் நம் மேல் போடும் விலங்கு.

இனி உங்கள் தம்பி கார். அது அவர் சொந்தமாக ஓட்டுவதற்கு என்றால், நீங்கள் எதுவும் வாங்கிக்கொள்ளாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், உங்களைத் திவாலாக்க முடியாது. ஆனால் கடனே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பேங்க் உங்கள் மேல் வழக்குப் போடலாம், தீர்ப்பு வாங்கலாம், பொருளை ஜப்தி செய்யலாம். தடுக்கப்பட்டிருப்பது திவால் மட்டும்தான். தொழிலுக்கான வண்டி என்றால் நீங்கள் சாதாரண ஜாமீன்காரர். கடன்காரரிடம் எல்லா வழியும் பார்த்தாயிற்று என்று காட்டி நீதிமன்ற அனுமதி வாங்கினால் உங்கள் மேல் வரலாம், தொகை 100,000 வெள்ளியைத் தொட்டிருந்தால். தம்பி அந்தக் காரை கிராப் செயலியில் வாடகைக்கு ஓட்டுகிறாரா என்று முதலில் கேளுங்கள், வாதம் அங்கேதான் கிளம்பும். தவணை தட்டுகிறது என்றால் அவரை ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்புக்கு அனுப்புங்கள், நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்தது, ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஒப்பந்த நகலில் ஒன்றை உங்கள் அலமாரியிலும் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதம் தேடியவள் சொல்கிறேன்.