மருந்து கூடினால் குறி சரியாகுமா?

துவக்கு, தோட்டா, வயல் வட்டைக் காவல் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இம்மாதப் பதில்கள். பதில் எழுதுபவர் நியூ சவுத் வேல்ஸ் ஆட்டுப் பண்ணைகளில் பல வருடங்கள் நரியும் முயலும் சுட்டவர். இப்போது ஆரையம்பதியில் இருக்கிறார்.

கேள்வி: எனது மருமகன் அவுஸ்திரேலியாவில் பண்ணைக்காரரின் அனுமதியோடு நரி சுடப் போவார். கையில் .222 றெமிங்டன் துவக்கு. கடைத் தோட்டா நூறு மீற்றரில் ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் சிதறுகிறதாம். உரிமம் எடுத்துத் தானே தோட்டா கட்டத் தொடங்கியிருக்கிறார். எந்த வெடிமருந்து, எவ்வளவு என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். (வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: ஐயா, எவ்வளவு என்பதற்கு இந்தப் பக்கத்தில் இலக்கம் தரமாட்டேன். அச்சில் ஒரு புள்ளி இடம் மாறினால் அது மருமகனின் முகத்தில் வெடிக்கும். அந்த இலக்கம் மருந்து செய்த கம்பனியின் அட்டவணையில் இருக்கிறது, அங்கிருந்து மட்டும் எடுக்கட்டும். எந்த மருந்து என்பதைத் தாராளமாகப் பேசலாம்.

.222 என்பது 1950இல் வந்த சின்னக் கோது, அதாவது மருந்து அடைக்கும் உலோகக் கூடு. அதன் வாயில் ஐம்பது கிறேன் (கிறேன் என்பது ஒரு நிறை அளவு) சன்னம், அதாவது பறந்துபோகும் குண்டு, வைத்தால் அது சட்டென்று நகர்ந்துவிடும், பின்னால் இடம் விரிந்துகொண்டே போகும். மெதுவாக எரியும் மருந்துக்கு அங்கே அழுத்தம் எழும்பாது. பாதி எரியாமல் குழல்வாயால் கொட்டும். அதனால் சற்று வேகமான மருந்து வேண்டும். நியூ சவுத் வேல்ஸின் முல்வாலாவில் செய்யும் ஏஆர் 2207 இந்தக் கோதுக்கென்றே பிறந்ததுபோல் பொருந்தும். பெரிய வயிறுள்ள .22-250 கோதுக்கு ஏஆர் 2208 போன்ற மெதுவான மருந்து சரி. மருமகனின் கூட்டாளி அதை வைத்துச் சுடுகிறார் என்பதற்காக இவரும் அதையே வாங்கத் தேவையில்லை.

பெயரில் ஒரு பொறி இருக்கிறது. ஏஆர் 2207ஐ அமெரிக்காவில் ஹொட்ஜ்டன் கம்பனி எச்4198 என்று விற்கிறது. ஐஎம்ஆர் 4198 என்பது வேறு மருந்து. இலக்கம் ஒன்றென்று அட்டவணையை மாற்றிப் பார்க்கக் கூடாது. மேசையில் எப்போதும் ஒரே ஒரு டப்பாதான் திறந்திருக்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி குறி. மருந்தை ஏற்றிக்கொண்டே போனால் துவக்கு நேராக அடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. ஒரு தோட்டாவும் அடுத்த தோட்டாவும் ஒன்றுபோல் இருந்தால்தான் சன்னங்கள் ஒரே இடத்தில் விழும். ஏஆர் 2207 குச்சிகுச்சியான மருந்து. அளக்கும் கருவியின் கைப்பிடியைத் திருப்பும்போது ஒரு குச்சி நடுவில் மாட்டி ‘நறுக்’கென்று வெட்டுப்படுவது விரலுக்கே தெரியும். அந்த முறை விழுந்த அளவு சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கும். ஆகவே கொஞ்சம் குறைத்துப் போட்டு, மிச்சத்தைத் தராசில் வைத்துக் குச்சி குச்சியாகச் சேர்க்கட்டும். ஒரு கிறேன் என்பது 0.065 கிராம்தான். இவ்வளவு சின்னக் கோதில் அதில் மூன்றிலொரு பங்கு மாறினாலே வித்தியாசம் தெரியும்.

அட்டவணையில் தொடக்க அளவு என்று கொடுத்திருப்பதிலிருந்து 0.3 கிறேன் படியாக ஏறட்டும். மணல்மூட்டையில் வைத்து, குழல் ஆற நேரம் விட்டுச் சுடட்டும். பக்கத்துப் பக்கத்து அளவுகள் இரண்டு மூன்று ஒரே உயரத்தில் அடிக்கும் இடம் ஒன்று வரும். அதன் நடுவில் நிற்கட்டும், உச்சிக்குப் போக வேண்டாம். அதன் பிறகுதான் சன்னம் எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்பதைத் தொடலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று ஒருபோதும் தெரியாது.

வழியில் போல்ட் (குழலின் பின்புறத்தைப் பூட்டும் தண்டு) தூக்கக் கனத்தால், சுட்ட கோதின் பிறைமர் (அடியில் தீமூட்டும் சின்ன மூடி) ஓரம் மழுங்கித் தட்டையானால், கோதின் அடியில் பளபளவென்று ஒரு தடம் விழுந்தால் அங்கேயே நிறுத்தி இறங்க வேண்டும். அட்டவணையின் உச்ச அளவுக்கு இன்னும் இடம் இருந்தாலும் இறங்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. .222 குழல்களின் உள்ளே சன்னத்தைச் சுழற்றும் வரிப்பள்ளம் வழமையாக 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றுத்தான் சுற்றியிருக்கும். 55 கிறேனுக்கு மேற்பட்ட நீளச் சன்னத்தை அது சரியாகச் சுழற்றாது. கடதாசியில் வட்டத்துக்குப் பதில் நீளமான கிழிசல் விழுந்தால் மருந்தைக் குறை சொல்ல வேண்டாம், சன்னத்தை மாற்றுங்கள்.

கேள்வி: கனடாவில் மச்சான் குளிர்காலத்தில் கட்டிப் பார்த்த .223 தோட்டா, ஆடி மாத வெயிலில் போல்டை இறுக்குகிறதாம். ஏன்? (வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: மருந்து சூடானால் அழுத்தம் கூடும், தங்கச்சி. சில மருந்துகளில் இது அதிகம். குளிரில் உச்சத்துக்குப் பக்கத்தில் கட்டியது வெயிலில் எல்லை தாண்டும். வெப்பத்துக்கு அதிகம் மசியாத மருந்துகள் இருக்கின்றன. மேலே சொன்ன ஏஆர் 2208 ஒன்று, அங்கே அதன் பெயர் வார்கெட். எந்த மருந்தானாலும் தோட்டாப் பெட்டியை வாகனத்தின் கண்ணாடிக்குக் கீழே வைக்க வேண்டாம். இருக்கிற தோட்டாவைச் சுடாமல் சன்னத்தைக் கழற்றி, அளவைக் குறைத்து, வெயில் நாளில் மறுபடி பார்க்கட்டும். காற்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். நம்மூர்க் கச்சான் மாதிரி குறுக்கே அடிக்கும் காற்றில் இலேசான சன்னம் இருநூறு மீற்றரில் நன்றாக ஒதுங்கும். அதற்கு மருந்தில் வைத்தியம் இல்லை.

கேள்வி: வட்டையில் பன்றி தாங்கமுடியவில்லை. சுட்ட சொட்கன் கோதில் நாமே மருந்து அடைக்கலாமா? (வாசகர், வெல்லாவெளி)

பதில்: வேண்டாம், தம்பி. துவக்குக்கு உரிமம் இருப்பதால் தோட்டா கட்ட உரிமை வராது. வெடிபொருளுக்குத் தனிச் சட்டம் 1956இலிருந்து இருக்கிறது. பட்டாசைப் பிரித்தெடுக்கும் மருந்து எவ்வளவு வேகமாக எரியும் என்று யாருக்கும் தெரியாது, பழைய குழல் தாங்காது. கட்டுத்துவக்கு பக்கமும் போகாதீர்கள், கம்பியில் முதலில் தட்டுவது பெரும்பாலும் பக்கத்து வயல்காரரின் கால்தான். பயிர்க் காவல் துவக்குக்கு மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பியுங்கள். கிடைத்தால் உரிமத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அதுவரை வரம்போரம் வேலியும், இரவுக் காவலுக்குப் பக்கத்து வயல்காரர்களோடு முறை போட்டுக்கொள்வதும்தான் வழி.