கூரையில் ஆடியவரும் குரலால் வந்தவரும்: ‘ராயல் வெட்டிங்’ கேள்வி பதில்

கேள்வி: 1951இல் வந்த ‘ராயல் வெட்டிங்’ என்ற ஹாலிவுட் நடனப் படத்தில் ஃபிரெட் அஸ்டேரும் ஜேன் பவலும் அண்ணன் தங்கை என்கிறார்கள். பார்த்தால் அப்பாவும் மகளும் போலத் தெரிகிறது. ஆட்டத்திலும் இருவரும் ஒரே தரமில்லை. எம்.ஜி.எம். போன்ற பெரிய கம்பெனி இப்படி ஒரு ஜோடியை எப்படிப் போட்டது?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தேடிப் போட்ட ஜோடி அல்ல அது. தங்கை வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் நடிகை ஜூன் அலிசன். ஒத்திகை தொடங்கிய பிறகு அவர் கர்ப்பமானது தெரிந்து விலகினார். அடுத்து ஜூடி கார்லண்டை அழைத்தார்கள். உடலும் மனமும் சோர்ந்திருந்த அவரால் ஒத்திகைக்கு ஒழுங்காக வர முடியவில்லை. 1950 ஜூனில் கம்பெனி அவரை நீக்கியது. அதன் பிறகுதான் ஜேன் பவல் வந்தார். இதற்கிடையில் இயக்குநர் சார்ல்ஸ் வால்டர்ஸும் விலகியிருந்தார். அவர் இடத்துக்கு 26 வயது ஸ்டான்லி டோனன் வந்தார். தனியாக அவர் இயக்கிய முதல் படம் இதுதான்.

படப்பிடிப்பின்போது அஸ்டேருக்கு 51 வயது, பவலுக்கு 21. முப்பது வருட இடைவெளியை எந்த ஒப்பனையும் மூடாது. இன்னொரு இடைவெளியும் உண்டு. பவல் அடிப்படையில் உச்சஸ்தாயிப் பாடகி. ஆடத் தெரியாதவர் அல்ல. ஆனால் அஸ்டேர் பாணி ஆட்டத்துக்கு வேண்டியது நாள்கணக்கு. ஒருவர் தோள் எந்தக் கணத்தில் திரும்பும் என்பது மற்றவர் உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும். அஸ்டேரின் சொந்த அக்கா அடேல் சிறுவயது முதல் அவரோடு மேடையில் ஆடி, 1932இல் சார்ல்ஸ் கேவண்டிஷ் பிரபுவை மணந்து விலகினார். இந்தப் படக் கதைக்கு வித்தே அதுதான்: லண்டனுக்குப் போகும் ஆட்டக்கார உடன்பிறப்புகள், அங்கே ஒரு பிரபுவிடம் மனம் பறிகொடுக்கும் சகோதரி. கால் நூற்றாண்டுக்கும் மேல் பழகிய ஓர் இணையின் சாயலை, கடைசி நேரத்தில் வந்த ஒரு பெண்ணிடம் கேட்கிறார்கள். இவ்வளவு தூரம் அவர் வந்ததே பெரிது.

நடன அமைப்பாளர் நிக் காஸில் என்ன செய்தார் என்று கவனியுங்கள். இருவரும் கைகோத்துச் சுழலும் இடங்கள் குறைவு. பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே அடியைப் போடும் துண்டுகள் அதிகம், அவையும் குட்டிக் குட்டியாக. நடுவில் ஒரு முகபாவம், ஒரு தள்ளல், கன்னத்தில் ஓர் அறை. 21 ஆங்கிலச் சொற்கள் கொண்ட அந்த நீளத் தலைப்புப் பாட்டை, அதாவது ‘ஆயுசு முழுக்கப் பொய் சொன்னவன் நான் என்று தெரிந்தும் காதலிக்கிறேன் என்றதை எப்படி நம்பினாய்’ என்ற பொருளில் வரும் பாட்டை, மறுபடி பாருங்கள். பவல் கறுத்த டோப்பா வைத்து, சூயிங்கம் மென்றுகொண்டு, தெருச்சண்டைக்காரி மாதிரி வருகிறார். அங்கே நளினம் தேவையில்லை, நேரம் தவறாத நகைச்சுவை போதும். அது அவரிடம் தாராளமாக இருந்தது. இந்த இருவரும் உண்மையில் சமமாக நிற்கும் இடம் அது ஒன்றுதான், படத்தின் ஆகச் சிறந்த இருவர் ஆட்டமும் அதுதான் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: அஸ்டேருடன் கறுப்பு வெள்ளைப் படத்தில், கண்ணாடி போன்ற தரையில், காலணியால் தாளம் தட்டும் தட்டாட்டம் (டேப் டான்ஸ்) ஆடும் பவல் இவர்தானா?
(வாசகி, காரைக்குடி)

பதில்: இல்லை. அவர் எலினோர் பவல், படம் ‘பிராட்வே மெலடி ஆஃப் 1940’. இருவருக்கும் உறவு கிடையாது. ஜேன் பவலின் இயற்பெயர் சூசன் பர்ஸ். எலினோர், அஸ்டேருக்கு ஈடு கொடுத்தவர் மட்டுமல்ல, சில இடங்களில் அவரையே முந்துகிறவர். ஜோடிப் பொருத்தம் என்றால் என்ன என்று புரிய, இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: அஸ்டேர் சுவரில் ஏறிக் கூரையில் ஆடுகிறாரே, கயிறு கட்டினார்களா? கணினி இல்லாத காலத்தில் எப்படி முடிந்தது?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: கயிறே இல்லை. முழு அறையையும் ஒரு பெரிய உருளைக்குள் கட்டி, அந்த உருளையைச் சுழற்றினார்கள். கேமராவையும் கேமராக்காரரையும் அறையோடு சேர்த்துப் பிணைத்தார்கள். அறை சுற்றும்போது கேமராவும் கூடவே சுற்றுவதால், திரையில் அறை அசையாமல் நிற்பதாகத் தெரியும். அஸ்டேர் மட்டும் எப்போதும் உருளையின் அடிப்பகுதியில், பூமியை நோக்கிக் கால் வைத்து, நம்மைப் போலவே நிமிர்ந்து நிற்கிறார். தலைகீழாகத் தொங்கியவர் கேமராக்காரர்தான்.

இதில் கெடக்கூடியவை பல. மேசை, நாற்காலி, படம், திரைச்சீலை எல்லாம் அசையாமல் பிணைக்கப்பட வேண்டும். ஒரு சீலை தளர்ந்து தொங்கினாலும் குட்டு வெளிப்படும். விளக்குகளும் அறையோடு சுற்ற வேண்டும். வெளியே நிற்கும் விளக்கு என்றால் நிழல்கள் கடிகார முள் போல அறையைச் சுற்றிவரும். எல்லாவற்றையும் விடக் கடினம், தரையிலிருந்து சுவருக்கு மாறும் மூலை. அறை பாதி திரும்பியிருக்கும் அந்த நேரத்தில் தரையும் சுவரும் ஒரு பள்ளமாகச் சேர்கின்றன. அவர் நிற்பது அந்தப் பள்ளத்தில். ஒரு கணம் முந்திக் காலை எடுத்தால் சறுக்குவார், பிந்தினால் அறை அவரைத் தூக்கிக்கொண்டு போகும். இசையின் தாளம், அறை சுற்றும் வேகம், அவர் அடி மூன்றும் ஒன்றாக விழ வேண்டும். மூலைகளில் அவர் கை முதலில் சுவரைத் தொட்டு, உடம்பு அதன்மேல் சாய்ந்து, பிறகுதான் கால் வருவதைக் கவனியுங்கள். வேடிக்கையாகத் தெரியும் அந்தச் சாய்வு, எடையை மாற்றுவதற்கான நேரம்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறோம். கூரையில் ஆடும்போது அவருடைய கோட்டின் விளிம்பைப் பாருங்கள். உண்மையில் தலைகீழாக இருந்தால் அது தலைப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். ஆனால் கால் பக்கமே தொங்குகிறது.

1986இல் லயனல் ரிச்சியின் ‘டான்ஸிங் ஆன் த சீலிங்’ பாட்டுக்கான காணொளியை இயக்கியவரும் டோனன்தான். அங்கும் சுழலும் அறைதான்.

கேள்வி: கப்பலில் ஆடும்போது இருவரும் சறுக்குகிறார்களே, அதுவும் அதே தந்திரமா?
(வாசகர், சேலம்)

பதில்: இல்லை. அங்கே தரையே உண்மையில் சாய்கிறது. கூரை ஆட்டத்தைப் போலக் கேமராவைத் தரையோடு பிணைத்துச் சாய்த்தால் தரை மட்டமாகவே தெரியும். கப்பலின் ஆட்டம் தெரிய வேண்டுமென்றால் கேமரா அதோடு போகக் கூடாது. பழங்கள் உருள்வதும் இருக்கைகள் நகர்வதும் சாய்வை நம்ப வைக்கின்றன. 1923இல் அஸ்டேரும் அடேலும் லண்டனுக்குக் கப்பலில் போனபோது, கொந்தளித்த கடலில் பயணிகள் முன் ஆடிய அனுபவத்திலிருந்து வந்த காட்சி இது. பவலுக்கு இது நல்ல ஏற்பாடும்கூட: அடி பிசகினாலும் அது கடலின் குற்றமாகத்தான் தெரியும்.

இதற்கு முன் வரும் உடற்பயிற்சிக்கூடக் காட்சியை விட்டுவிடாதீர்கள். தங்கை ஒத்திகைக்கு வராததால், அண்ணன் ஒரு தொப்பித் தாங்கியோடு ஆடுகிறார். உருண்டையான அடிப்பாகத்தின் விளிம்பில் அது சாய்ந்து, வட்டமடித்து, அவர் கைக்கே திரும்பி வருகிறது. அஸ்டேர் அதைத் தூக்கிச் சுமப்பதில்லை. அடிப்பாகத்தைக் காலால் தட்டிவிட்டு, கம்பு போகும் பக்கம் போகவிட்டு, நிற்கப்போகும் கணத்தில் பிடிக்கிறார். நல்ல இணையை நடத்துவதும் அப்படித்தான். இணை அமையாத குறையை, ‘இணை வரவில்லை’ என்ற கதையாகவே மாற்றி, ஒரு மரக் கம்பிடம் இவ்வளவு அன்போடு ஆடிக் காட்டினார். ஜோடி கச்சிதமாக அமைந்திருந்தால் இந்த ஆட்டத்துக்குக் கதையில் இடமே இருந்திருக்காது.

கேள்வி: இணையத்தில் கிடைத்த பிரதி வெளிறிப்போய், பாதம் தெரியாமல் இருக்கிறது. நல்ல பிரதி உண்டா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறு. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28ஆம் ஆண்டில் புதுப்பிக்க வேண்டிய பதிப்புரிமையை, இந்தப் படத்துக்குப் புதுப்பிக்கவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்றாகி, சாயம் போன பிரிண்டுகளிலிருந்து மலிவான பிரதிகள் பெருகின. டெக்னிகலர் என்ற அன்றைய வண்ணப்பட முறையின் உண்மையான சிவப்பைப் பார்க்க, வார்னர் ஆர்கைவ் வெளியிட்ட ப்ளூரேயைத் தேடுங்கள்.

பாதம் வெட்டுப்படுவது டிவி அமைப்பால். படச் சட்டத்தின் (ஃபிரேம்) அகல உயர விகிதம் 1.37க்கு 1, உங்கள் டிவி 16க்கு 9. திரையை நிரப்ப ‘ஜூம்’ போட்டால் உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். அஸ்டேர் தம் ஆட்டங்களைத் தலை முதல் பாதம் வரை சட்டத்துக்குள் வைத்து, வெட்டில்லாமல் நீளமாக எடுக்கச் சொன்னவர். ‘ஜூம்’ போட்டால் முதலில் பலியாவது பாதம். ‘ஒரிஜினல்’ அல்லது ‘4:3’ என்று வையுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் சரி.

கேள்வி: காலணிச் சத்தம் அவ்வளவு துல்லியமாகக் கேட்கிறதே, தரையில் மைக் வைத்திருந்தார்களா?
(வாசகர், மதுரை)

பதில்: படப்பிடிப்பில் முன்பே பதிவு செய்த பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட்டுத்தான் ஆடுவார்கள். மைக் வைத்தால் அந்தப் பாட்டும் சேர்ந்து பதிவாகும். எனவே தட்டுச் சத்தத்தைப் பிறகு, ஓடும் படத்தைப் பார்த்து, ஒரு பலகைமேல் மறுபடி ஆடித் தனியாகப் பதிவு செய்து சேர்ப்பது அன்றைய வழக்கம். ஒரே ஆட்டத்தை இரண்டு முறை, அதே தாளத்தில், அதே அழுத்தத்தில் ஆட வேண்டும். ஒருமுறை படத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை மட்டும் கேளுங்கள்.