குழாய் பதிக்கக் கடன் கிடைக்கும். அதை அடைப்பது யார்?

கேள்வி: வளரும் நாடுகளில் குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் மக்களிடம் பணம் வாங்காமல், முழுச் செலவையும் அரசே ஏற்க முடியாதா?

கட்டுமானச் செலவைப் பெரும்பாலும் அரசு ஏற்கலாம்; ஏற்கவும் வேண்டும். அன்றாடம் நடத்தும் செலவையும் சேர்த்து ஏற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 2030-க்குள் பாதுகாப்பான குடிநீரும் கழிப்பிட வசதியும் எல்லோருக்கும் சென்றுசேர, 140 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 11,400 கோடி டாலர் மூலதனம் வேண்டும் என்று உலக வங்கி 2016-இல் மதிப்பிட்டது. மோட்டார் ஓடுவதற்கான மின்கட்டணம், குளோரின், குழாய் உடைப்புச் சீரமைப்பு, ஊழியர் சம்பளம் ஆகியவை இதற்கு வெளியே நிற்பவை. அடிக்கல் நாட்டும் செலவுக்கு மானியம் தர ஆள் உண்டு; மின்கட்டணத்துக்கு மானியம் தர எவரும் எளிதில் முன்வருவதில்லை.

பணம் வரும் வழிகள் மூன்றுதான்: பயன்படுத்துவோர் கட்டும் கட்டணம், வரிப்பணம், வெளியிலிருந்து வரும் மானியம். கடனை நான்காவது வழியாகப் பலரும் எண்ணுகிறார்கள். நாளை வரவேண்டிய கட்டணத்தையோ வரியையோ இன்றே எடுத்துச் செலவழிப்பதுதான் கடன். அந்த இரண்டும் வராத ஊருக்குக் கடன் கொடுத்தாலும் பயனில்லை.

நகராட்சி ஒன்றின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்பதால், இது எனக்குப் பழகிய விஷயம். ‘கேட்பு, வசூல், நிலுவை’ (கட்டவேண்டிய தொகை, கட்டிய தொகை, பாக்கி) என்றொரு பட்டியல் மாதந்தோறும் தயாராகும். சொத்து வரியில் வசூல் ஓரளவு தேறிவிடும். குடிநீர்க் கட்டணத்தில் பழைய நிலுவை நடப்புக் கேட்பைத் தாண்டி நிற்கும். மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனாலும் குடிநீர்க் கட்டணத்தை உயர்த்த நகர்மன்றம் துணியாது; ஆகவே குடிநீர் நிதியில் விழும் துண்டை வருவாய் நிதியிலிருந்து கைமாற்று வாங்கி அடைப்போம். சாலைக்கும் தெருவிளக்குக்கும் வைத்திருந்த பணம் அப்படித்தான் கரைந்தது. ‘இலவசத் தண்ணீர்’ என்பதற்கும் யாரோ ஒருவர் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார்; அவர் யார் என்பது மட்டும் கணக்கில் தெரியாது.

இதற்கு நேர்மாறாக நடந்தது ஆலந்தூர்ப் பாதாளச் சாக்கடைத் திட்டம். அப்போது சென்னையை ஒட்டிய தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூரில், செப்டிக் டேங்கும் கழிவுநீர் லாரியுமே கதி. 1996-இல் நகர்மன்றத் தலைவரான ஆர்.எஸ்.பாரதியின் காலத்தில், ஏறத்தாழ 34 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்துக்கு, வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடமே வைப்புத்தொகை கேட்கப்பட்டது. குழி தோண்டுவதற்கு முன்பே கேட்கப்பட்ட பணம் அது. குடியிருப்போர் நலச் சங்கங்களைக் கூட்டி, எவ்வளவு செலவு, எவ்வளவு கடன், மாதம் எவ்வளவு கட்டணம் என்று விளக்கியதால் பல கோடி ரூபாய் சேர்ந்தது. மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் உள்ளிட்ட இடங்களிலிருந்து கடனும் மானியமும் கிடைத்தன. சுத்திகரிப்பு நிலையத்தை ஒப்பந்த நிறுவனமே தன் சொந்த மூலதனத்தில் கட்டி, சுத்திகரிக்கும் கழிவுநீரின் அளவுக்கேற்ப நகராட்சியிடம் பணம் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு செய்யப்பட்டது. என் பார்வையில், அந்த வைப்புத்தொகை திரட்டிய பணத்தைவிட, ‘இந்த ஊர் மக்கள் கட்டுவார்கள்’ என்று கடன் கொடுப்போருக்கு அது காட்டிய சான்றே பெரிது.

ஆலந்தூர் அளவுக்கு வலுவில்லாத சிறு நகராட்சிகள் தனியாகக் கடன் பத்திரம் வெளியிட்டால் சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் 2002-இல் தமிழ்நாட்டில் குடிநீர் மற்றும் துப்புரவுக்கான கூட்டு நிதியம் உருவாக்கப்பட்டு, 13 நகர உள்ளாட்சிகளுக்காகச் சேர்த்து 30.41 கோடி ரூபாய்க்கு, 9.20 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுப் பத்திரம் வெளியிடப்பட்டது. தவணைப் பணம் முதலில் தனிக் கணக்கில் விழவேண்டும் என்பது ஏற்பாடு. தவறினால், மாநில அரசு உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்து தரும் மாநில நிதி ஆணையப் பங்கிலிருந்து பிடித்தம் செய்யப்படும். அதற்கும் மேலே அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி முகமை உத்தரவாதம் தந்தது. வெளிநாட்டு உதவியை இப்படிப் பயன்படுத்துவது எனக்கு மிகவும் பிடிக்கும். டாலரில் கடன் வாங்கினால், ரூபாயிலோ ஷில்லிங்கிலோ கட்டணம் வசூலிக்கும் ஊர் நாணய மதிப்புச் சரிவையும் தன் தலையில் சுமக்க வேண்டிவரும். இங்கோ கடன் உள்ளூர்ப் பணத்திலேயே திரண்டது.

ஏழைகள் என்ன செய்வார்கள் என்பது நியாயமான கேள்வி. கம்போடியத் தலைநகர் நோம்பென்னில் குடிநீர் வழங்கும் அரசு நிறுவனத்தின் பொறுப்பை 1993-இல் ஏக் சொன் சான் ஏற்றபோது, உற்பத்தியாகும் நீரில் 70 விழுக்காட்டுக்கு மேல் கசிவிலும் திருட்டிலும் போய்க்கொண்டிருந்தது. மீட்டர் பொருத்தி, கட்டணம் கட்டாத பெரிய இடத்துக் குழாய்களையும் துண்டித்து (ஒரு ராணுவத் தளபதி வீட்டில் துப்பாக்கி முனையில் மிரட்டப்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்) பின்னாளில் அந்த இழப்பை 10 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தார்கள். வெளிநாட்டு மானியமும் கடனும் அங்கும் தாராளமாக வந்தன. அவை கசிந்து போகாமல் நின்றதற்குக் காரணம் வசூல். அதே நிறுவனம் ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகையும் தந்தது.

அந்த இடத்தில்தான் சலுகை தேவைப்படுகிறது. கூலி வேலை செய்யும் குடும்பத்தை விலக்கி வைப்பது பெரும்பாலும் மாதக் கட்டணம் அல்ல, மொத்தமாகக் கேட்கப்படும் இணைப்புத் தொகை. குழாய் இல்லாததால் குடத்துக்கு இவ்வளவு என்று அவர்கள் கொடுக்கும் காசு பல ஊர்களில் குழாய்க் கட்டணத்தைவிட அதிகம். பிரதானக் குழாயையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் வரிப்பணத்தில் கட்டி, ஓட்டும் செலவை மாதக் கட்டணத்தில் எடுத்து, இணைப்புத் தொகையை மட்டும் ஏழை வீடுகளுக்குத் தள்ளுபடி செய்தோ மாதப் பில்லில் தவணையாகச் சேர்த்தோ வாங்கலாம் என்பதே உங்கள் கேள்விக்கு என் பதில்.