நாலு பேர் ஞாபகம், ஒரே தலையில்

கேள்வி: எனக்கு வயது 46. ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஆறேழு மாதமாக மறதி பாடாய்ப் படுத்துகிறது. அடுக்களைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று நிற்கிறேன். மாமனாருக்கு பிரஷர் மாத்திரை எடுக்கப் போகும்போது குக்கர் விசில் அடிக்கும், வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். கொடுத்தேனா இல்லையா என்று இரண்டு தடவை குழம்பிவிட்டேன். மகனின் காலேஜ் ஃபீஸுக்குக் கடைசித் தேதி வாட்ஸ்அப்பில் வந்தது. பார்த்தேன், மறந்தேன், அபராதம் கட்டினோம். போன மாதம் நாத்தனாரோடு போன் பேசிக்கொண்டே ஒரு தோட்டைக் கழற்றி எங்கோ வைத்தேன், இன்னும் கிடைக்கவில்லை. "உனக்கு எதுதான் ஞாபகம் இருக்கு?" என்கிறார் கணவர். என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் அதுதான் ஆரம்பமா? வல்லாரை சாப்பிட்டால் சரியாகுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரியில்தான் உங்கள் பயம் முழுக்க இருக்கிறது. அதனால் அதை முதலில் பேசிவிடுவோம்.

மாத்திரை கொடுத்தோமா என்று குழம்புவது வேறு, அந்த மாத்திரை எதற்கென்றே புரியாமல் போவது வேறு. தினமும் போய்வரும் தெருவில் வழி தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே சற்று நேரத்தில் மறுபடி மறுபடி கேட்பது, இருபது வருடமாக வைக்கிற குழம்பை எப்படித் தாளிப்பது என்று திணறுவது, சில்லறைக் கணக்கில் தடுமாறுவது - இவைதான் கவலைப்பட வேண்டிய அறிகுறிகள். இவற்றைப் பெரும்பாலும் கூட இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். நீங்களோ மறந்தது ஒவ்வொன்றையும், அப்போது பக்கத்தில் என்ன சத்தம் கேட்டது என்பது வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஆறுதலாக இருக்கிறது.

ஆனாலும் ஒரு முறை டாக்டரைப் பாருங்கள். தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தசோகை, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாமே ஞாபகத்தை மந்தமாக்கும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. மாதவிடாய் நிற்கப்போகும் வயதிலும் பல பெண்களுக்கு இந்தத் தடுமாற்றம் வருகிறது. தூக்க மாத்திரையோ அலர்ஜி மாத்திரையோ சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். அம்மாவின் நோயையும் மறைக்காமல் சொல்லுங்கள். வல்லாரைத் துவையல் நல்ல உணவுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். மறதியைத் தீர்க்கும் என்று நம்பி மாத்திரையும் லேகியமும் வாங்க வேண்டாம். அப்படி உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்தையே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். குக்கர் விசில். வாசலில் ஆள். காதில் போன். தோட்டை வைத்த இடம் மறந்துபோகவில்லை, அது மனதில் பதியவே இல்லை. பதியாத ஒன்றை எங்கே போய்த் தேடுவது?

உங்கள் ஊருக்குத் தெற்கே, நாகர்கோவில் பக்கம் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்து காட்டினார். முதுகில் விழும் கற்களை எண்ணுவது, மணியோசையைக் கணக்கு வைப்பது, கேட்ட ஈற்றடிக்கு வெண்பா சொல்வது என்று பலவற்றையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருந்து, கடைசியில் பிசகாமல் சொல்கிற கலை அது. இதற்கு நம் முன்னோர் நினைவு என்று பெயர் வைக்கவில்லை. அவதானம் என்றார்கள், கவனகம் என்றும் சொல்வதுண்டு. இரண்டுக்கும் பொருள் கவனம்தான். ஞாபகத்தின் வாசல் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அவதானிகள் பல வருடம் பழகியவர்கள். நமக்கெல்லாம் ஒரு நேரத்தில் மனதில் நிற்பது மிகக் கொஞ்சம். ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956-ல் சுமார் ஏழு விஷயங்கள் என்றார். பிறகு 2001-ல் நெல்சன் கோவன் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார். நான்கு! காலையில் எழுந்து பல் விளக்குவதற்குள் உங்கள் தலையில் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால், முடிந்த மட்டும் எல்லாவற்றையும் தலைக்கு வெளியே இறக்கி வையுங்கள்.

இது உங்களுக்குப் புதிதல்ல. அஞ்சறைப் பெட்டியில் கடுகு எங்கே, சீரகம் எங்கே என்று யோசித்தா கை போகிறது? பெட்டியே ஞாபகம் வைத்துக்கொள்கிறது. சாவிக்கு ஒரு ஆணி, கழற்றும் நகைக்கு ஒரு கிண்ணம், கண்ணாடிக்கு ஒரு மூலை என்று முடிவு செய்தால் அதை மாற்றவே கூடாது. மாமனாரின் மாத்திரைக்கு மருந்துக் கடையில் கிழமை போட்ட டப்பா கிடைக்கும். ஞாயிறன்று ஒரு தடவை நிரப்பிவிட்டால், புதன்கிழமை அறை காலியா இல்லையா என்று பார்த்தாலே கொடுத்தாயிற்றா என்று தெரிந்துவிடும். இதை நாளைக்கே செய்யுங்கள். மற்றதில் மறந்தால் அபராதத்தோடு போகும். பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை கொடுத்துவிட்டால் ஆபத்து.

மாத்திரை நேரத்தைத் தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். "சாயங்காலம் கொடுக்கணும்" என்று நினைப்பது போதாது. "விளக்கேற்றியதும் மாத்திரை" என்று வையுங்கள். 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே தீர்மானிப்பவர்கள் மறப்பது குறைகிறது என்பதை பீட்டர் கோல்விட்ஸர் போன்ற உளவியலாளர்கள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். கேஸை மூடும்போது குமிழைத் தொட்டு, "மூடியாச்சு" என்று வாய்விட்டே சொல்லுங்கள். ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலைக் கையால் சுட்டிக்காட்டி உரக்கச் சொல்லித்தான் வண்டியை எடுக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் தேதியை அங்கேயே விட்டுவைக்காதீர்கள். அடுத்த காலை வணக்கப் படம் வந்து அதை மேலே தள்ளிவிடும். பார்த்த கையோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். துண்டுச் சீட்டு வேண்டாம், ஒரே நோட்டு. "ஃபீஸ்" என்று மட்டும் எழுதாமல், "வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்ட வேண்டும்" என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். படுக்கும் முன் ஒரு பார்வை போதும்.

கடைசியாக ஒன்று, இதை உங்கள் கணவரும் படித்தால் நல்லது. கல்லூரியில் படிப்பவர் உங்கள் மகன், ஃபீஸ் தேதி உங்கள் தலையில். மாமனார் உங்கள் கணவரின் அப்பா, மாத்திரை உங்கள் தலையில். நாலு பேருக்கான ஞாபகத்தை ஒருவரே சுமக்கும் வீட்டில், எதையோ மறந்துவிட்டதற்காக அவரிடமே கோபப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கல்லூரித் தேதிகள் இனி மகன் பொறுப்பு. வார டப்பா நிரப்புவது கணவர் பொறுப்பு. "ஞாபகப்படுத்து" என்று உங்களிடம் சொல்வதும் உங்கள் மேல் ஏற்றும் சுமைதான் என்பதால், அதுவும் கூடாது.

அந்தத் தோடு. 1975-ல் பிரிட்டனில் இருவர் முக்குளிப்பவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தண்ணீருக்கடியில் கற்ற சொற்கள் தண்ணீருக்கடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தன, கரையில் கற்றவை கரையில் வந்தன. அடுக்களையில் விழித்து நிற்கும்போது, கிளம்பிய இடத்துக்கே திரும்பிப் போனால் சட்டென்று ஞாபகம் வருவதும் இதனால்தான். ஆகவே அன்றைக்கு நாத்தனார் கூப்பிட்ட அதே நேரத்தில் அவருக்குப் போன் போடுங்கள். அன்று உட்கார்ந்த இடத்திலேயே பேச ஆரம்பியுங்கள். எழுந்து நடக்கத் தோன்றினால் நடங்கள். கை எந்தத் தட்டுக்கு, எந்த டப்பாவுக்குப் போகிறது என்று மட்டும் பாருங்கள். கிடைத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.