ஆபரேட்டர் பதில்கள்: 2000-களின் மதுரைப் படங்கள்

மதுரையில் ஒரு தியேட்டர் கேபினில் இருபத்திரண்டு வருடம் புரொஜெக்டர் ஓட்டியவன் நான். 2000 முதல் 2009 வரை மதுரையை வைத்து வந்த படங்களைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேட்டர் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்ப்பதில்லை. சுவரில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் துண்டு துண்டாகப் பார்ப்பான், காதால்தான் முழுசாகக் கேட்பான். அதனால் என் தீர்ப்பில் கொஞ்சம் கோணல் இருக்கும்.

அண்ணே, அந்தப் பத்து வருடத்தில் உங்களுக்கு நம்பர் ஒன் ‘சுப்ரமணியபுரம்’தானே? (செல்லூர், கல்லூரி மாணவர்)

இல்லை தம்பி, ‘காதல்’. 2004 டிசம்பரில் வந்தது. பாலாஜி சக்திவேல் இயக்கம், ஷங்கர் தயாரிப்பு. மெக்கானிக் ஷெட்டில் கிரீஸ் கையோடு நிற்கும் பையனையும், ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போகும் பெண்ணையும் அதற்கு முன் எந்தப் படமும் அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. சென்னை மேன்ஷனில் ‘நடிச்சா ஹீரோ சார்’ என்று ஒருவர் அடம்பிடிக்கும் காட்சிக்கு ஹால் அதிரும். அதே ஹால் கடைசி ரீலில் இருமல்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கும். லைட் போட்ட பிறகும் சிலர் எழுந்திருக்க மாட்டார்கள். அடுத்த காட்சிக்கு ஆள் உள்ளே விட வேண்டுமே என்று வாசலில் டிக்கெட் கிழிப்பவர் சத்தம் போடுவார்.

‘சுப்ரமணியபுரம்’ இரண்டாவது. 2008 ஜூலையில் வந்த படம், கதை நடப்பது 1980-இல். பெல்பாட்டம், கிருதா எல்லாவற்றையும் சசிகுமார் தேடித் தேடி வைத்திருந்தார். அதில் ‘முரட்டுக்காளை’ ஓடும் தியேட்டர் காட்சி வரும் பாருங்கள், அப்போது எங்கள் தியேட்டருக்குள்ளேயும் விசில் பறந்தது. திரையில் அடித்த விசில் எது, கீழே அடித்த விசில் எது என்று கேபினில் எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

‘பருத்திவீரன்’ எங்கே ஐயா? மறந்துவிட்டீர்களா? (மேலூர்)

மறக்கிற படமா அது? 2007-இல் வந்தது. கார்த்திக்கு முதல் படம், பிரியாமணிக்குத் தேசிய விருது கொடுத்த படம். பெங்களூரில் வளர்ந்த பெண் நம்ம ஊர்ப் பேச்சைப் பிடித்துப் பேசினார் என்பதற்கே நான் எழுந்து நிற்பேன். இயக்குநர் அமீர் மதுரைக்காரர், அவருக்குக் காது உண்டு. ‘சித்தப்பு’ என்ற சொல்லை அந்தப் படம் தெருத்தெருவாகக் கொண்டு போய்விட்டது. ஆனால் முடிவு எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பெண்ணுக்கு நடப்பதை அவ்வளவு நேரம் காட்டியிருக்க வேண்டாம். ஒரு நாளைக்கு நான்கு காட்சி, நான்கு முறையும் அந்தச் சத்தம். கடைசியில் கேபின் ஸ்பீக்கரைக் குறைத்து வைத்துவிடுவேன்.

இந்தப் படங்களால்தான் மதுரை என்றாலே அருவா என்று ஆகிவிட்டது. ஒப்புக்கொள்கிறீர்களா? (திருமங்கலம், ஆசிரியை)

பாதி ஒப்புக்கொள்கிறேன், டீச்சர். முதலில் எடுத்தவர்கள் அருவாளோடு ஆளையும் காட்டினார்கள், பின்னால் வந்தவர்கள் ஆளை விட்டுவிட்டு அருவாளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். டாடா சுமோ, வெள்ளை வேட்டி, பின்னால் கோபுரம், முடிந்தது மதுரை. ஆனால் 2012-இல் வடக்கே இந்தி இயக்குநர் அனுராக் காஷ்யப் தன் ‘கேங்ஸ் ஆஃப் வாசிபூர்’ டைட்டிலில் பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் நன்றி போட்டார். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘கில்லி’ மதுரைப் படமா? (வாடிப்பட்டி)

இல்லை. அது தெலுங்கு ‘ஒக்கடு’வின் ரீமேக். அங்கே கர்னூல், இங்கே மதுரை. ஆனால் பிரகாஷ்ராஜ் ‘செல்லம்’ என்றால் போதும், காசு வசூல்.

‘விருமாண்டி’யில் கொத்தாளத் தேவர் சொல்வது நிஜமா, விருமாண்டி சொல்வது நிஜமா? (உசிலம்பட்டி)

விருமாண்டி சொல்வதுதான் என்று படமே சாய்கிறது. ஆனால் ஒரே சம்பவத்தை முதலில் ஒருவர் வாயால், அப்புறம் இன்னொருவர் வாயால் காட்டும்போது எங்கள் தியேட்டரில் ஒரு கூத்து நடந்தது. இடைவேளைக்குப் பிறகு ஒருவர் மூச்சிரைக்க மாடியேறி வந்து, ‘யோவ், பார்த்த ரீலையே திரும்பப் போட்டுட்டியே’ என்று சண்டைக்கு நின்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்போதெல்லாம் பெட்டியில் பதினைந்து பதினாறு ரீல் வரும், ஒரு ரீல் பதினோரு நிமிடம் ஓடும். மாற்றிப் போட்டுவிடும் ஆபரேட்டரும் ஊரில் உண்டு. திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், கவனித்திருக்கிறீர்களா? அதுதான் அடுத்த மிஷினைத் தட்டிவிடு என்று அந்த ரீல் காலத்தில் எங்களுக்கு வந்த சமிக்ஞை.

சரி, மதுரைப் பேச்சை யார் சரியாகப் பேசினார்கள்? (மதுரை, அனுப்பானடி)

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். வடிவேலு. சிரிக்காதீர்கள். ‘வந்தாய்ங்க, போனாய்ங்க’ என்பதை வசனமாக எழுதிக் கொடுத்தால் சென்னை நடிகர் ‘ய்’யை அழுத்திக் கெடுத்துவிடுவார். அது வாயோரத்தில் வழுக்கிக்கொண்டு போக வேண்டிய எழுத்து. வடிவேலு மதுரையில் பிறந்தவர், அது தானாக வரும். 2003-இல் ‘வின்னர்’ ஓடியபோது கைப்புள்ளயாக அவர் வந்து நின்றாலே எழும் சிரிப்பில் அடுத்த வசனம் கேட்காது. அந்தக் கதைக்கும் மதுரைக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் கேபினில் உட்கார்ந்து கண்ணை மூடினால் எங்கள் தெரு டீக்கடைதான் கேட்கும். படம் ஓடிய இரண்டாவது வாரத்தில்தான், கூட்டம் குறைந்த ஒரு காலைக் காட்சியில், அந்த விட்டுப்போன வசனங்களை நான் முதல் தடவையாகக் கேட்டேன்.