ஓட்டியவர் பெயர் ஒப்பந்தத்தில் இல்லையென்றால்

கேள்வி: குடும்பத்துடன் இத்தாலி சென்றிருந்தபோது மிலன் விமான நிலையத்தில் என் பெயரில் வாடகைக் கார் எடுத்தேன். எல்லாம் இன்சூரன்ஸில் அடங்கும் என்று கவுண்டரில் இருந்தவர் உறுதியாகச் சொன்னார். கோமோ ஏரிக்கரைச் சாலையில் எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றவே, சிறிது நேரம் என் மைத்துனர் ஓட்டினார். அவரிடமும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருந்தது. ஒரு குறுகலான வளைவில் எதிரே வந்த காரின் பக்கவாட்டில் உரசிவிட்டது. அந்தக் காரை ஓட்டிய மூதாட்டி கழுத்து வலிப்பதாகச் சொன்னார், ஆனால் மருத்துவமனைக்குப் போகவில்லை. இப்போது வாடகை நிறுவனம் என் கிரெடிட் கார்டிலிருந்து 2,850 யூரோ எடுத்துவிட்டது; என் மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை. இங்கே நான் எடுத்த குடும்பப் பயணக் காப்பீட்டில் வாடகைக் காரின் எக்ஸஸ் தொகைக்கும் (கார் சேதத்தில் வாடகைக்கு எடுத்தவரே ஏற்க வேண்டிய பங்கு) பிரீமியம் கட்டியிருக்கிறேன். அதே பாலிசியில் என் மனைவியின் மருத்துவச் செலவு கிளெய்ம் நிலுவையில் உள்ளது. நானே ஓட்டியதாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார் மைத்துனர். கோவை நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாமா?

பதில்: கவுண்டரில் சொல்லப்பட்டது, நிறுவனம் உங்கள் மின்னஞ்சல்களுக்குப் பதில் தராதது, மைத்துனர் ஓட்டியது சிறிது நேரம்தான் என்பது ஆகிய எதுவும் இந்த விவகாரத்தின் முடிவை மாற்றாது. மோதிய நேரத்தில் ஓட்டியவரின் பெயர் வாடகை ஒப்பந்தத்தில் ஓட்டுநராகப் பதிவாகியிருந்ததா என்பது ஒன்றே கேள்வி. பதிவாகவில்லை. சர்வதேச ஓட்டுநர் அனுமதி உங்கள் மைத்துனருக்கு அந்நாட்டுச் சாலையில் ஓட்டும் தகுதியைத் தருகிறது. உங்கள் ஒப்பந்தத்தின் பாதுகாப்பை அது அவருக்குத் தராது. கூடுதல் ஓட்டுநர் கட்டணம் கட்டிக் கவுண்டரிலேயே அவர் பெயரைச் சேர்த்திருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்கும்.

ஒப்பந்தத்தில் சி.டி.டபிள்யூ. (கொலிஷன் டேமேஜ் வெய்வர்) என்று குறிக்கப்பட்டிருப்பதை நம் மக்கள் காப்பீடு என்றே எண்ணிவிடுகிறார்கள். கார் சேதமடைந்தால் குறிப்பிட்ட எக்ஸஸ் தொகைக்கு மேல் உங்களிடம் கேட்க மாட்டோம் என்று வாடகை நிறுவனம் சில நிபந்தனைகளின் பேரில் தரும் உறுதி மட்டுமே அது. பதிவு செய்யாதவர் ஓட்டினால் அந்த உறுதி விலகிவிடும் என்பது ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் ஒப்பந்தத்திலும் உள்ள நிபந்தனை. உங்கள் ஒப்பந்தத்தில் எக்ஸஸ் 1,500 யூரோ என்றிருந்தும் 2,850 யூரோ எடுக்கப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

இனி, மைத்துனர் சொல்லும் யோசனைக்கு வருகிறேன். நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்ட இந்த விஷயத்தில்தான் உங்களுக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது. நீங்கள் இணைத்து அனுப்பிய நீல நிறப் படிவத்தின் நகலை எடுத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் விபத்து நடந்த இடத்திலேயே இரு ஓட்டுநர்களும் சேர்ந்து நிரப்பும் படிவம் அது. காப்பீடு பெற்றவருக்கு ஒரு கட்டமும், ஓட்டியவருக்கு வேறொரு கட்டமும் அதில் உண்டு. ஓட்டியவரின் கட்டத்தில் உங்கள் மைத்துனரின் பெயரும் உரிம எண்ணும் அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன. அடியில் அவருடைய கையொப்பமும் அந்த மூதாட்டியின் கையொப்பமும் அருகருகே இருக்கின்றன. அதன் பிரதி மூதாட்டியிடமும் வாடகை நிறுவனத்திடமும் இருக்கிறது. எக்ஸஸ் கிளெய்முக்கு வாடகை ஒப்பந்தம், விபத்து அறிக்கை, பணம் பிடித்ததற்கான ரசீது ஆகிய மூன்றையும் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். நானே ஓட்டினேன் என்று நீங்கள் எழுதும் கடிதமும் இந்தப் படிவமும் ஒரே கோப்பில் போய்ச் சேரும்.

அதன் பிறகு நடப்பதை என் கட்சிக்காரர்கள் விஷயத்தில் பார்த்திருக்கிறேன். எக்ஸஸ் கிளெய்ம் நிராகரிக்கப்படுவதோடு அது நிற்பதில்லை. பொய்யான தகவல் தந்து கிளெய்ம் செய்தால் பாலிசியின் கீழ் வரும் எல்லாப் பயன்களும் பறிபோகும் என்ற நிபந்தனை பயணக் காப்பீடுகளில் வழக்கமாக இருக்கும். அதைக் காட்டி, உண்மையாகவே செலவான மருத்துவக் கட்டணத்தையும் மறுத்துவிடுவார்கள். உங்கள் மனைவியின் கிளெய்மில் எந்தக் குறையும் இல்லாமலிருக்கலாம். ஆனால் அது இதே பாலிசியில் இருக்கிறது. போதாக்குறைக்கு, பொய் சொல்லிப் பணம் பெற முயல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு கூறும் ஏமாற்றுதல் குற்றத்தின் எல்லைக்குள் உங்கள் இருவரையும் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். எனவே எக்ஸஸ் கிளெய்மைத் தாக்கல் செய்யாதீர்கள். தொலைபேசியில் ஏற்கெனவே தகவல் தெரிவித்து, நீங்கள் ஓட்டியதாக அப்போது சொல்லியிருந்தால், இன்றே எழுத்து மூலம் அதைத் திருத்தி, அந்தக் கிளெய்மைத் திரும்பப் பெறுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தைப் பொறுத்தவரை, 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் தரலாம். ஆனால் ஒப்பந்த மீறல் உங்கள் பக்கம் இருக்கையில் அந்த உரிமையால் பயனில்லை. இத்தாலிய நிறுவனத்துக்கு எதிராக உத்தரவு கிடைத்தாலும் அதை அங்கே நிறைவேற்றுவது நடைமுறையில் கைகூடாது. கார்டில் எடுத்த தொகையை மறுத்து வங்கியில் டிஸ்ப்யூட் போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கினாலும் கடன் தீர்ந்துவிடாது. வசூல் முகவர்களின் கடிதங்கள் வரத் தொடங்கும், தொகையும் ஏறும்.

ஆகவே சமரசமாகவே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் கேட்ட தொகையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பட்டியலில் பழுதுக்கு 2,100, கார் ஓடாத நாட்களுக்கு 500, நிர்வாகக் கட்டணம் 250 யூரோ எனப் பிரித்திருக்கிறார்கள். பழுதுபார்த்த பட்டறையின் விவரமான மதிப்பீட்டையும், காரை ஒப்படைத்தபோது எடுத்த படங்களையும், கார் எத்தனை நாள் ஓடாமல் நின்றது என்பதற்கான ஆதாரத்தையும் கேளுங்கள். பழுதுச் செலவை ஏற்பதாகவும், மற்ற இரண்டையும் திருப்பித் தந்தால் விவகாரத்தை முடித்துக்கொள்வதாகவும் எழுதுங்கள். அவர்கள் இசைந்தால், காரின் சேதம் குறித்து இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி வாங்காமல் விடாதீர்கள். நகர மையங்களில் அனுமதியற்ற வீதிகளுக்குள் நுழைந்திருந்தால், அதற்கான அபராதம் இந்த உறுதியில் சேராது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த அறிவிப்பை அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாட்கள் தருகிறது.

அந்த மூதாட்டியின் கழுத்து வலியை நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள்; எனக்கோ 2,850 யூரோவைவிட அதுதான் கவலை தருகிறது. காரின் கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு, ஓட்டியவர் ஒப்பந்தத்தில் பதிவாகாதவர் என்று சொல்லி அவருக்கு இழப்பீட்டை மறுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. ஆனால் அவருக்குக் கொடுத்துவிட்டு, ஒப்பந்த மீறலைக் காட்டி அந்தத் தொகையை உங்களிடமிருந்து மீட்க முயலலாம். மேலே சொன்ன சமரசம் இந்தப் பொறுப்பிலிருந்து உங்களை விடுவிக்காது. உங்கள் பயணக் காப்பீட்டின் தனிநபர் பொறுப்புப் பிரிவும் பெரும்பாலும் மோட்டார் வாகனத்தால் வரும் பொறுப்பை விலக்கியே வைத்திருக்கும். வாகன விபத்துக்கு இழப்பீடு கோர இத்தாலியச் சட்டம் பொதுவாக இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. காயம் குற்றச் செயலாகக் கருதப்பட்டால் அது மேலும் நீளும். எதிர்த்தரப்பிலிருந்து கோரிக்கை ஏதும் வந்துள்ளதா என்று வாடகை நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். அந்த மூதாட்டிக்கோ அவருடைய காப்பீட்டு நிறுவனத்துக்கோ நேரடியாக எதுவும் எழுதாதீர்கள். இத்தாலிய மொழியில் பதிவுத் தபால் ஏதேனும் வந்தால், பிரித்த தேதியைக் குறித்துக்கொண்டு, பதில் போடுவதற்கு முன் அந்நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.