டெக்ஸ்சருக்கு நிறைய வாத்தியம் வேண்டுமா?

"ஒரு பாட்டுக்கு டெக்ஸ்சர் (பல ஒலி இழைகள் சேர்ந்து உண்டாகும் நெசவு) கொண்டுவர என்னென்ன உத்திகள் இருக்கின்றன, வாத்தியங்களை அடுக்கிக்கொண்டே போனால் போதுமா?" என்பது கேள்வி. போதாது. முப்பது வயலின் சேர்ந்து ஒரே மெட்டை வாசித்தால் சத்தம் தடிக்கும், ஓடுவது என்னவோ ஒரே இழைதான். எத்தனை இழை, எது எதோடு ஒட்டுகிறது, எது விலகுகிறது, அதில்தான் விஷயம்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேல் 1928-இல் பாலே நாட்டியத்துக்காக எழுதிய பொலேரோ என்ற ஆர்கெஸ்ட்ரா இசையைக் கேளுங்கள். சுமார் 15 நிமிடம், மெட்டு இரண்டே இரண்டு, கீழே ஸ்னேர் டிரம் ஒரே தாளக்கட்டைத் தட்டிக்கொண்டே இருக்கும், ஸட்ஜம்கூட முடிவுக்குச் சற்று முன்புவரை மாறாது. மாறுவது மெட்டு யார் கையில் இருக்கிறது, கூட யார் இருக்கிறார்கள் என்பதுதான். தனிப் புல்லாங்குழலில் ஆரம்பித்து, கிளாரினெட், பசூன் என்று போகும்.

ஏறக்குறைய பாதி தூரத்தில் ஒரு இடம் வரும். முதல்முறை கேட்டபோது ஏதோ ஆர்கன் நுழைந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆர்கனே கிடையாது! ஹார்ன் என்ற பித்தளைக் குழல் மெட்டை வாசிக்க, செலஸ்டா (மணி போல ஒலிக்கும் கீபோர்டு வாத்தியம்) அதையே ஒரு ஸ்தாயி மேலேயும் இரண்டு ஸ்தாயி மேலேயும் வாசிக்கிறது. அப்புறம் இரண்டு பிக்கோலோ (குட்டிப் புல்லாங்குழல்): ஒன்று பஞ்சமத்தை ஸட்ஜமாக வைத்து, இன்னொன்று அந்தர காந்தாரத்தை ஸட்ஜமாக வைத்து, அதே மெட்டை அச்சு அசலாக, ஆனால் ஹார்னைவிட மெலிதாக. காகிதத்தில் பார்த்தால் மூன்று சுருதி மோதுகிறது, காதுக்கோ பெயரில்லாத ஒரே வாத்தியம் மாதிரி இருக்கிறது.

காரணம் நம் தம்புராவிலேயே இருக்கிறது. மந்தர ஸட்ஜத் தந்தியை மீட்டினால் யாரும் மீட்டாத காந்தாரம் மேலே கேட்குமே, ஸ்வயம்பு காந்தாரம் என்பார்களே, அதேதான். எந்த ஸ்வரத்துக்குள்ளும் ஸ்தாயி, பஞ்சமம், காந்தாரம் என்று மேல்ஸ்வரங்கள் ஒளிந்திருக்கின்றன, ரவேல் அவற்றை ஆள் போட்டு வாசிக்க வைத்தார். பிக்கோலோ கொஞ்சம் ஓங்கி ஊதினாலும் மாயம் கலைந்து, அபஸ்வரம் போலத்தான் கேட்கும்.

ஆட்களே குறைவு என்றால் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1967-இல் எழுதிய பியானோ ஃபேஸ் கேளுங்கள். இரண்டு பியானோ, தொடக்கத்தில் 12 ஸ்வரம் கொண்ட ஒரே துணுக்கு, ஒருவர் மட்டும் இம்மியளவு வேகம் கூட்டி மற்றவரை விட்டு விலகுவார், இருவருமே வாசிக்காத புதுப்புது மெட்டுகள் நடுவில் முளைக்கும். இயர்போன் போட்டுக் கேளுங்கள், ஃபோன் ஸ்பீக்கரில் எல்லாம் கலந்து கூழாகிவிடும்.